திரைக்குப் பின் நின்றவர்கள் – 14: ஒட்டுத் தெரியாத ஒட்டு

ஓட்டப்பிடாரத்துக்கு வெளியே, கரிசல் காட்டின் ஓரத்தில், வருஷத்தில் சில மாதங்கள் மட்டும் கூடாரம் விரித்து நடந்துவந்த டூரிங் கொட்டகை ஒன்றில், எனக்குப் பத்து வயதுகூட நிரம்பாத காலத்தில், ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். தரை டிக்கெட் வாங்கிய நாங்கள் மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் அமர்ந்திருந்தோம். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி எங்களுக்கு நடந்தே போய்வரும் தூரத்தில் இருக்கும் அண்டை ஊர். ஜக்கம்மா கோயில் கொடைக்குப் போய் வந்தவர்கள், கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16-ஆம் தேதி நடந்ததை நேற்று நடந்தது போலவும், தூக்கில் தொங்கியவர் தங்கள் வீட்டுப் பிள்ளை போலவும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பாட்டிமார்களிடம் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகையால் ஆங்கிலேயக் கும்பினிப் படையும் பாளையத்துப் படையும் மோதிக்கொள்ளும் கட்டம் வந்தபோது கொட்டகையில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அப்போதுதான் பிலிம் அறுந்தது.

திரை வெளுத்ததும் எழுந்த சீழ்க்கையையும் கூச்சலையும் விவரிக்க வேண்டியதில்லை. டூரிங் கொட்டகையில் படம் பார்த்த தலைமுறைக்கு அது தெரியும். நான் கூட்டத்தை விட்டு நழுவி, மெஷின் ஓடும் கீற்றுத் தடுப்புக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். ஆபரேட்டர் அண்ணாச்சி அறுந்த இரண்டு நுனிகளையும் கத்தரியால் நேராக வெட்டி, ஒரு நுனியின் மருந்தைச் சவரப் பிளேடால் சுரண்டி, சின்னப் பிரஷ்ஷால் பிலிம் சிமெண்டைத் தடவி, மற்ற நுனியை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நகப்பூச்சு வாசனை போல, அதைவிடக் காரமான ஒரு நெடி அங்கே நின்றது.

“ஏல, யாருல அது? வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லு.”

“அண்ணாச்சி, அந்த வெட்டுன துண்ட எனக்குத் தாங்க அண்ணாச்சி.”

அவர் கீழே கிடந்ததை எடுத்துக் கொடுத்தார். நான்கே கட்டங்கள். முன்காலைத் தூக்கிய ஒரு குதிரை. “இனி இந்த ரீல்ல இது கெடையாதுல. ஒங்கிட்டதான் இருக்கும். பத்தரமா வச்சுக்க,” என்றார்.

மறுநாள் இரவும் அழுது அடம்பிடித்து அந்தப் படத்துக்குப் போனேன். அந்த இடம் வந்ததும் குதிரை சட்டென்று துள்ளியது. அதன் முன்கால் தூக்கியது, ஊன்றியது, இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு நொடியின் ஆறில் ஒரு பங்கு என் ஜியோமெட்ரி பெட்டிக்குள் இருந்தது. ஒரு நொடிக்கு 24 கட்டங்கள் ஓடும் திரையில் நான்கு கட்டங்கள் போனதற்கே கூட்டம் மறுபடியும் சீழ்க்கையடித்தது.

இத்தொடரின் இந்தப் பகுதியில் நான் சொல்ல வந்த முழு விஷயமும் அந்தச் சீழ்க்கைக்குள் இருக்கிறது என்பதைப் பல வருஷங்கள் கழித்தே உணர்ந்தேன். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் அந்தப் படம், நிமிஷத்துக்கு 90 அடி என்று கணக்குப் போட்டால், பதினாறாயிரம் அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ளது. அந்த நீளம் முழுவதும் ஒட்டுக்கள் நிறைந்தது. அவற்றில் ஆபரேட்டர் அண்ணாச்சி போட்ட ஒரேயொரு ஒட்டை மட்டும் ஊரே கண்டுபிடித்துக் கூவிற்று. ஏனைய ஒட்டுக்கள் அத்தனையும் போட்டவரை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அறியோம். தவறாகப் போட்ட ஒட்டு மட்டுமே கண்ணில் படுகிற ஒரு தொழிலில், சரியாகப் போட்டவனுக்கு மரியாதை செய்யும் வழியைக் கண்டுபிடிக்க இந்தத் தேசத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்தக் காலதாமதத்தின் சரித்திரமே இந்த அத்தியாயம்.

அந்த ஒட்டுக்களைப் போட்டவர் படத்தொகுப்பாளர் ஆர். தேவராஜன். இயக்குநர் பி. ஆர். பந்துலுவின் பத்மினி பிக்சர்ஸ் படங்களில் அவருடைய பெயரைக் காணலாம். கட்டபொம்மனுக்குப் பின் ‘கப்பலோட்டிய தமிழ’னும் ‘கர்ண’னும் அவர் கைவழி வந்தவையே. கட்டபொம்மனின் யுத்தக் காட்சிகள் எங்கே எடுக்கப்பட்டன என்பதை வாசகர்கள் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். குதிரைப் படை வேண்டுமென்பதற்காகப் படக்குழு ஜெய்ப்பூருக்குப் போயிற்று. ராஜபுதனத்து மணலில் ராஜபுதனத்துக் குதிரைகள் ஓடின. சென்னையில் ஸ்டூடியோ அரங்குகளுக்குள் சிவாஜி கணேசன் நின்று கர்ஜித்தார். இந்த இரண்டும் ஒரே போர்க்களமாகி, அந்தப் போர்க்களம் பாஞ்சாலங்குறிச்சியாகி, அதைப் பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் கண்களே துளிச் சந்தேகமும் கொள்ளாமல் ‘இது நம்ம மண்’ என்று ஏற்றுக்கொண்ட காரியம், காமிராவினால் மட்டும் நடந்ததன்று. ஓர் அறையில், ஒரு மேஜையின்மேல், ஜெய்ப்பூர்த் துண்டின் நுனியும் சென்னைத் துண்டின் நுனியும் எந்தக் கட்டத்தில் சந்திக்க வேண்டும் என்று ஒரு மனிதர் எடுத்த முடிவினால் நடந்தது. கரிசல் மண்ணின் நிறம் எங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் மறந்தோம்; மறக்கச் செய்தார்.

அந்தப் படத்துக்கு வந்த கௌரவங்களைச் சரித்திரம் பதிந்துவைத்திருக்கிறது. 1960-இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் என்ற விருது சிவாஜிக்கும், சிறந்த இசைக்கான விருது ஜி. ராமநாதனுக்கும் கிடைத்தன, தமிழன் ஒருவன் அயல்நாட்டு மேடையில் நடிகனாக முடிசூடினான் என்று நாடே கொண்டாடியது. தேசிய விருதுகளிலும் அதற்குத் தகுதிச் சான்றிதழ் உண்டு. கட்டபொம்மன் வெளிவந்து இரண்டு வருஷங்கள் கழித்து, எங்கள் ஊரிலேயே 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்வை, ம. பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவிப் பந்துலு படமாக்கினார். ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961 நவம்பரில் வெளிவந்து, வசூலில் தோற்று, தமிழின் சிறந்த படம் என்ற தேசிய விருதைப் பெற்றது. ஒரே வட்டாரத்து மண்ணிலிருந்து எழுந்த இரண்டு சரித்திரங்கள், ஒரே இயக்குநர், ஒரே கதாநாயகன், ஒரே படத்தொகுப்பாளர். இரண்டுக்கும் அரசாங்கத்தின் அங்கீகாரம். இத்தனை வரிசையிலும் தேவராஜனின் பெயரைச் சொல்லி ஒரு பதக்கம் கொடுக்கப்படவில்லை. யாரும் அவரை வேண்டுமென்றே ஒதுக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: கொடுப்பதற்கு அப்படி ஒரு பதக்கமே அந்நாளில் இல்லை.

தேசிய விருதுகள் 1954-இல் தொடங்கின. முதல் தங்கப் பதக்கம் மராத்தியப் படமான ‘சியாம்ச்சி ஆயி’க்குச் சென்றது. விருது படத்துக்கு, அதைப் பெற்றுக்கொள்பவர்கள் தயாரிப்பாளரும் இயக்குநரும். நடிகர்களுக்கும் கலைஞர்களுக்கும் தனித்தனியே விருது என்ற ஏற்பாடு 1967-ஆம் வருஷப் படங்களில்தான் வந்தது. அந்த முதல் வருஷத்திலேயே ‘கந்தன் கருணை’க்காக நம் கே. வி. மகாதேவன் சிறந்த இசையமைப்பாளரானார். நடிகர் வந்தார், இசை வந்தது, ஒளிப்பதிவு வந்தது, திரைக்கதை வந்தது. படத்தொகுப்பு மட்டும் வாசலில் நின்றது. 1976-ஆம் வருஷப் படங்களுக்கான 24-ஆவது விருதுகளில்தான் சிறந்த படத்தொகுப்பு என்ற பிரிவு ஏற்பட்டது. விருதுகள் பிறந்து 22 வருஷங்கள் கடந்துவிட்டன. இதற்கு நேர்மாறாக அமெரிக்காவில், ஆஸ்கார் தொடங்கிய ஏழாவது தடவையிலேயே, 1934-ஆம் வருஷப் படங்களுக்கு, இந்தப் பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். ‘எஸ்கிமோ’ படத்தைத் தொகுத்த கான்ராட் நெர்விக் அதை முதலில் பெற்றார். 1940-ஆம் வருஷப் படத்துக்கு ஆன் பாச்சென்ஸ் என்ற பெண்மணி பெற்றார். 1950-இல் அந்நாட்டுத் தொகுப்பாளர்கள் தமக்கென ஒரு சங்கமே கண்டு, தம்மவருக்குத் தாமே விருது கொடுக்கவும் முற்பட்டார்கள்.

நம்மவர்கள் தாமதித்ததற்குக் காரணம் அலட்சியம் ஒன்றே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தத் தொழிலுக்குத் தீர்ப்புச் சொல்வது உண்மையிலேயே கடினம். எங்கள் கடற்கரையில் முத்துக் குளிக்கும் சலாபம் நடந்த நாள்களில் (தூத்துக்குடிக் கடலில் கடைசியாகச் சலாபம் நடந்ததும் ‘கப்பலோட்டிய தமிழன்’ வெளிவந்த அதே 1961-ஆம் வருஷத்தில்தான்) சிப்பிகள் கடலடிப் பாரிலிருந்து வந்து கரையில் குவியல் குவியலாகக் கிடக்கும்; எத்தனை ஆயிரம் சிப்பிக்கு எத்தனை முத்து என்பது ஏலம் கேட்க வந்தவர் முதல் வேடிக்கை பார்க்க வந்தவர் வரை எல்லோருக்கும் கண்ணெதிரே தெரியும். படத்தொகுப்பில் தேர்வுக் குழுவின் முன் வைக்கப்படுவது முத்து மட்டும். சிப்பிக் குவியலை அவர்கள் காண்பதேயில்லை. இயக்குநர் பிரமாதமாக எடுத்துத் தந்ததைத் தொகுப்பாளர் வரிசைப்படுத்தினாரா, அல்லது கால் முடங்கிக் கிடந்த ஒரு படத்தை அவர் எழுந்து நடக்க வைத்தாரா என்பது, கழித்துப்போட்டதைக் கண்டவருக்கு அல்லவா தெரியும்? நடிகரின் முகம் திரையில் இருக்கிறது. பாட்டு காதில் விழுகிறது. தொகுப்பாளர் செய்த முக்கால் பங்கு வேலையோ கூடைக்குள் போய்விட்டது.

அந்தக் கூடையை நான் கண்டிருக்கிறேன். வாலிப வயதில் ஒரு நண்பரோடு கோடம்பாக்கத்தில் ஓர் எடிட்டிங் அறைக்குள் போகும் வாய்ப்புக் கிடைத்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த மூவியோலா யந்திரம் தையல் மிஷினைப் போலக் கால்மிதியோடு நின்றது. அதன் சின்னஞ்சிறு கண்ணாடியில் படம் ஓடியது. பக்கத்தில் உள்ளே வெள்ளைத் துணி தைத்த ஒரு பெரிய தொட்டி. அதன் மேலே ஒரு சட்டத்தில் வரிசையாக ஊசிமுனைகள். ஒவ்வொரு முனையிலும் பிலிம் துண்டுகள் நாடா நாடாவாகத் தொங்கின. கையுறை அணிந்த உதவியாளர் ஒருவர் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்திலிருந்த எண்ணைப் படித்து, மெழுகுப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டார். தொகுப்பாளர் அந்தக் கோட்டைப் பார்த்தார். அழித்துவிட்டு இரண்டு கட்டம் தள்ளி வேறொரு கோடு போட்டார். ஓட்டிப் பார்த்தார். மறுபடி அழித்து, ஒரு கட்டம் பின்னுக்கு வந்தார். நான் அங்கே நின்றது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் ஒரு பெண் கதவைத் திறந்து வெளியே வரும் காட்சி ஒன்றுதான் முடிந்தது. அவள் வாசற்படியில் எந்த இமைப்பொழுது தயங்க வேண்டும் என்பதற்கு அத்தனை நேரம். முடிந்ததும் அவர் எழுந்து தண்ணீர் குடித்தார், யாரும் கைதட்டவில்லை, தட்ட வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை, இன்று வரை அது எனக்கு வருத்தம்.

‘கப்பலோட்டிய தமிழ’னில் வ. உ. சி. கோவைச் சிறையில் செக்கிழுக்கும் கட்டத்தை நினைக்கும்போதெல்லாம் அந்த அறை ஞாபகம் வருகிறது. செக்கு சுற்றிச் சுற்றி வருவது. அதை எத்தனை நேரம் காட்டுவது என்ற கேள்விக்கு எழுதிவைத்த விடை கிடையாது. ஒரு சுற்றுக் குறைந்தால் வேதனை வேடிக்கையாகிவிடும். ஒரு சுற்றுக் கூடினால் பார்ப்பவன் மனம் மரத்துப்போகும். ஓட்டப்பிடாரத்துப் பெரியவர்கள் அந்தக் காட்சியில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். எந்தச் சுற்றில் நிறுத்துவது என்று தெரிந்த கைக்கு எங்கள் ஊர் கடன்பட்டிருக்கிறது.

அந்தக் காலத்துத் தொகுப்பாளருக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம், அவர் தொகுப்பாளராக இல்லாமற்போவதுதான். அதாவது இயக்குநராக உயர்வது. கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரில் பஞ்சு, ‘பஞ்சாபி’ என்ற பெயரில் ‘பராசக்தி’யைத் தொகுத்தவர். ‘ஆலயமணி’ இயக்கிய கே. சங்கர் கத்தரி பிடித்து வளர்ந்தவர். ‘நாடோடி மன்ன’னைத் தொகுத்தவர்களில் ஒருவரான ஜம்புலிங்கம் பின்னாளில் ‘நம் நாடு’ இயக்கினார். கிருஷ்ணன்–பஞ்சுவிடம் தொகுப்புத் துறையில் உதவியாளராகச் சேர்ந்த ஏ. பீம்சிங், ‘கப்பலோட்டிய தமிழன்’ விருது பெற்ற அதே 1961-ஆம் வருஷத்துக்கு, அகில இந்திய அளவில் இரண்டாவது சிறந்த படம் என்ற சான்றிதழை ‘பாவமன்னிப்பு’க்காகப் பெற்றார், அதன் தொகுப்பிலும் அவருடைய கை இருந்தது. விருது மேடைக்குத் தொகுப்பாளர்கள் வந்தார்கள்தான். ஆனால் வேறு உடையில் வந்தார்கள்.

பீம்சிங்கின் மகன் பி. லெனின், தந்தை விட்டு விலகிய மேஜையிலேயே தங்கி, அந்த மேஜைக்கே மரியாதை வாங்கித் தந்தவர். 1979-இல் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்க’ளை அவர் தொகுத்தார். ஊரார் சூழ்ந்து நிற்க ஒருவன் ஆற்றை நோக்கி நடக்கும் அந்த முடிவை, வசனத்தால் அல்ல, மௌனங்களை அளந்து கோத்ததால் நம் நெஞ்சில் இறக்கியிருக்கிறார். படத்தொகுப்புக்கென ஒரு தேசிய விருது ஏற்பட்டு மூன்றே வருஷங்கள் ஆகியிருந்த அப்போது, அது அவருக்குக் கிடைக்கவில்லை. 1987-ஆம் வருஷத்து ‘நாயக’னில், கமல்ஹாசனுக்கும் பி. சி. ஸ்ரீராமுக்கும் தோட்டா தரணிக்கும் தேசிய விருது வந்தது. அதைத் தொகுத்த லெனினுக்கும் வி. டி. விஜயனுக்கும் வரவில்லை. ஆனால் அந்த வருஷத்துப் படத்தொகுப்பு விருது தமிழுக்கே வந்தது. பாரதிராஜாவின் ‘வேதம் புதி’தைத் தொகுத்த பி. மோகன்ராஜ் பெற்றார். கடைசியில் லெனினும் விஜயனும் அதைப் பெற்றது 1994-ஆம் வருஷத்துக் ‘காதல’னுக்காக. பாட்டும் கூத்தும் தந்திரக் காட்சிகளும் மின்னலாய் வெட்டி மறையும் படம் அது. அதன் சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. எனினும் கத்தரி பளபளக்கும் இடத்தில் கண்டுகொண்ட கண்கள், கத்தரி ஒளிந்திருந்த ‘உதிரிப்பூக்க’ளைக் காணவில்லையே என்பதே என் ஆற்றாமை. வேகம் கண்ணில் படும், நிதானம் படாது. விருது கொடுப்போருக்கு இந்தத் தொழிலில் உள்ள பெரிய இடறல் அதுவேயென்பது என் அபிப்பிராயம். லெனினோ விருதுக்குக் காத்திருந்தவரில்லை. ஜெயகாந்தனின் இரண்டு கதைகளைத் தந்தை படமாக்கியதைப் போலவே அவரும் ஜெயகாந்தனை எடுத்துக்கொண்டு, ‘ஊருக்கு நூறு பேர்’ இயக்கி, 2001-ஆம் வருஷத்துக்கான சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றார்.

இன்னொரு தந்தையும் மகனும் இருக்கிறார்கள். எல். வி. பிரசாத்தின் சகோதரர் சஞ்சீவி தொகுப்பாளர். அவர் மகன் ஸ்ரீகர் பிரசாத், 1988-ஆம் வருஷ விருதுகளில் ‘ராக்’ என்ற இந்திப் படத்துக்காக முதல் தேசிய விருதைப் பெற்று, ‘வானப்பிரஸ்தம்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’, ‘பிராக்’ என்று மொழிக்கு மொழி பெற்றுக்கொண்டே வந்தவர். 2009-ஆம் வருஷத்துக்கு ‘பழசி ராஜா’ உள்ளிட்ட மூன்று படங்களுக்கும் சேர்த்து அவருக்கு நடுவர் சிறப்பு விருது தரப்பட்டது. கட்டபொம்மன் தூக்கிலேறிய காலத்தையொட்டிக் கேரளத்தில் அதே கும்பினியை எதிர்த்து நின்றவரின் கதை அது என்பது எங்கள் பக்கத்தவர்க்குத் தனி மகிழ்ச்சி. 2020-ஆம் வருஷத்துக்கு, அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் ஆகியோரின் கதைகளைக் கொண்டு வஸந்த் எடுத்த ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ படத்துக்காக மீண்டும் பெற்றார். அடுக்களையும் வாசலும் வேலைக்குப் போகும் வழியுமாக நகரும் அந்தப் படத்தின் நிதானத்தை ஒரு தேர்வுக் குழு கண்டுகொண்டது, ‘உதிரிப்பூக்க’ளுக்குப் பட்ட கடனில் ஒரு பகுதி தீர்ந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. நடுவில் ‘பம்பாய்’க்குச் சுரேஷ் அர்சும், ‘பருத்திவீர’னுக்கு ராஜா முகமதுவும், ‘ஜிகர்தண்டா’வுக்கு விவேக் ஹர்ஷனும் தமிழுக்கு இதைக் கொண்டுவந்தார்கள். வடக்கே ரேணு சலூஜா என்ற பெண்மணி நான்கு தடவை பெற்று, 2000-ஆம் ஆண்டில் அகால மரணம் அடைந்தார்.

அகால மரணம் என்றதும் கிஷோர் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியவில்லை. 2009-இல் ‘ஈரம்’ மூலம் தொகுப்பாளராக அறிமுகமான அவர், அடுத்த வருஷத்துக்கான தேசிய விருதையே ‘ஆடுகள’த்துக்காகப் பெற்றார். அந்தப் படத்துச் சேவற்கட்டை நினைத்துப் பாருங்கள். சேவலுக்குக் கதை சொல்லி நடிக்க வைக்க இயலாது. அதன் சினமும் களைப்பும் மறுபடி எழும் வீம்பும், துண்டுகளிலிருந்து கட்டி எழுப்பப்பட்டவை. சுற்றி நிற்கும் மனிதர்களின் முகமும் சேவலின் நகமும் மாறி மாறி வரும் அந்தத் தாளத்தில், யார் பந்தயத்தில் நிற்கிறார்கள் என்பது நமக்குச் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. அந்தப் படத்தை இயக்கிய வெற்றிமாறனின் ‘விசாரணை’யையும் தொகுத்த கிஷோர், 2015 மார்ச் 6-ஆம் தேதி, 36 வயதில் காலமானார். அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் படம் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் வெளியாயிற்று. 2016-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த படத்தொகுப்பாளர் என்று கிஷோரின் பெயர் வாசிக்கப்பட்டது. படம் வெளிவந்த கொட்டகையில் கடைசி வரிசையில் நின்று, தாம் போட்ட ஒட்டு எங்கேயாவது தெரிகிறதா என்று இருட்டில் ஜனங்களின் முகத்தைப் பார்க்கும் பாக்கியம் ஒரு தொகுப்பாளனுக்கு எந்த வெள்ளித் தாமரைப் பதக்கத்தைவிடவும் பெரிது. அது அவருக்குக் கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் முன்புவரை அந்த விருதோடு வந்த தொகை 50,000 ரூபாய். இப்போது இரண்டு லட்சம்.

தொலைக்காட்சிப் படத்தொகுப்பாளர் நிலை இதனினும் பின்தங்கியது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி தொடங்கியது. நாடா முறை வந்த நாள்களில், நடுவில் ஒரு காட்சி மறந்துபோனால் பிலிமைப் போல வெட்டிச் செருக முடியாது. அந்த இடம் தொட்டு எல்லாவற்றையும் மீண்டும் பதிய வேண்டும். இன்று கணினி வந்து வெட்டுவதும் ஒட்டுவதும் விரல் நுனிக்கு வந்துவிட்டன. ஆனால் தினசரித் தொடரின் தொகுப்பாளருக்கு, இன்று மாலை ஒளிபரப்பாக வேண்டியது காலையில் கைக்கு வருகிறது. ஒரு கட்டத்துக்கு இரண்டு மணி நேரம் யோசிக்க அவருக்கு எங்கே அவகாசம்? மாநில அரசு சின்னத்திரைக்கும் விருதுகள் அளிக்கிறது, மகிழ்ச்சிக்குரியது. ஆனால் 2009 முதல் 2013 வரையிலான விருதுகள் 2017-இல் அறிவிக்கப்பட்டு, 2022 செப்டம்பரில்தான் கலைவாணர் அரங்கில் வழங்கப்பட்டன. திரைப்படத்துக்கும் அதே கதிதான். விருது என்பது செய்த கை சூடாக இருக்கும்போதே சேர வேண்டிய பொருள். அரசாங்கம் இதை மனத்தில் கொள்ள வேண்டுமென்று மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டைக்கு இப்போதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வண்டி வண்டியாக வருகிறார்கள். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது என் பேரனை அழைத்துப் போனேன். கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே வேலிக்கருவை மண்டிய வெளியைக் காட்டி, “தாத்தா, குதிரையெல்லாம் இங்கதான ஓடிச்சு?” என்று கேட்டான். படத்தில் அவன் பார்த்தது ஜெய்ப்பூர் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

அன்று இரவு அவனுடைய கைப்பேசியிலேயே அந்தப் படத்தைப் போட்டோம். எழுத்துக்கள் ஓடத் தொடங்கியதும், கதை வரும் இடத்துக்குத் தள்ளிவிட அவன் விரல் திரைக்குப் போயிற்று. நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன். நடிகர்கள் பெயர் வந்தது, பாட்டு எழுதியவர் பெயர் வந்தது, ஒவ்வொன்றாக வந்து போய்க்கொண்டிருந்தது. “யாரு பேருக்கு தாத்தா காத்துட்டிருக்கோம்?” என்றான். “வரும், பாரு,” என்றேன். தேவராஜன் பெயர் வந்தது. அதை அவன் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். பிறகு விரலை விட்டேன்.

(தொடரும்)